ஆக்கவகை ஆழ்கற்றல் மூலம் வானொலிக் குறிகை வகைப்படுத்தல்

வானொலிக் குறிகை வகைப்படுத்தல் என்பது, பெறப்பட்ட ஒரு வானொலி அலை எவ்வகைப் பண்பேற்றத்தைக் கொண்டது என்பதை, அனுப்புநரிடமிருந்து முன்தகவல் எதுவும் இன்றிக் கண்டறிவதாகும். ஆக்கவகை ஆழ்கற்றல் என்பது, கொடுக்கப்பட்ட தரவுகளை ஒத்த புதிய தரவுகளைத் தானே உருவாக்கக் கற்றுக்கொள்ளும் கணினி முறைகளின் பொதுப்பெயர். இவ்விரண்டையும் இணைத்து, செயற்கையாக உருவாக்கிய குறிகைகளைப் பயிற்சித் தரவுடன் சேர்ப்பதன் மூலம் வகைப்படுத்தும் நிரலின் துல்லியத்தைக் கூட்ட முயலும் ஆய்வுகள் 2017, 2018ஆம் ஆண்டுகள் முதல் பெருகின.

இக்கட்டுரையில் வானொலி என்னும் சொல் ஒலிபரப்பை மட்டும் குறிக்காது. செல்பேசி, வைஃபை, செய்மதித் தொடர்பு உள்ளிட்ட கம்பியில்லாத் தொடர்புகள் அனைத்தையும் அது குறிக்கும். சிக்னல் எனப் பொதுவாக வழங்கப்படுவதே இங்குக் குறிகை எனப்படுகின்றது.

பண்பேற்றமும் வகைப்படுத்தலும்

ஒரு தகவலை வானலையில் அனுப்புவதற்கு, ஊர்தி அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ தகவலுக்கேற்ப மாற்றப்படுகின்றன. இதுவே பண்பேற்றம். வீச்சை மாற்றினால் ஏஎம், அதிர்வெண்ணை மாற்றினால் எஃப்எம் என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே உள்ளது. எண்முறைத் தொடர்பில் வகைகள் மேலும் பல. பிபிஎஸ்கே முறையில் ஊர்தி அலை இரண்டு கட்டநிலைகளுள் ஒன்றை எடுக்கும். எனவே ஒரு குறியீடு 1 பிட் தகவலைச் சுமக்கும். கியூபிஎஸ்கே முறையில் நான்கு கட்டநிலைகள், 2 பிட்டுகள். 16-குவாம், 64-குவாம் முறைகளில் வீச்சும் கட்டமும் சேர்ந்து மாறுகின்றன. அவற்றில் ஒரு குறியீடு முறையே 4, 6 பிட்டுகளைச் சுமக்கும்.

இக்குறியீடுகளை ஒரு தளத்தில் புள்ளிகளாக வரைந்தால் கிடைப்பது விண்மீன்குழு வரைபடம் எனப்படும். பெறும் கருவி ஒவ்வொரு கணத்திலும் அலையை, ஒன்றுக்கொன்று 90 பாகை கட்ட வேறுபாடுடைய இரு கூறுகளாக அளக்கின்றது. இவ்விரு எண்களும் சேர்ந்தே அத்தளத்தில் ஒரு புள்ளியைத் தருகின்றன. கணினியைப் பொறுத்தவரை ஒரு வானொலிக் குறிகை என்பது இத்தகைய இரட்டை எண்களின் நீண்ட வரிசை மட்டுமே.

வழக்கமான தொடர்பில், எந்தப் பண்பேற்றம் பயன்படுகின்றது என்பது அனுப்புநருக்கும் பெறுநருக்கும் முன்பே தெரியும். தெரியாத சூழல்கள் இரண்டு. ஒன்று, பிறரது அலைகளை ஒட்டுக்கேட்கும் படைத்துறைத் தேவை; இத்துறை அங்கிருந்தே தொடங்கியது. மற்றொன்று, அலைக்கற்றையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் தேவை. 1999ஆம் ஆண்டில் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்ட் மக்குவையரும் முன்வைத்த அறிதிறன் வானொலி என்னும் கருத்துப்படி, ஒரு கருவி தன்னைச் சூழ்ந்துள்ள அலைகளை உணர்ந்து அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு, அங்கே இருப்பது எவ்வகை அலை என்று முதலில் தெரிய வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான ஒலிபரப்பையும் இடையூறு தரும் பழுதான கருவிகளையும் கண்டுபிடிக்கவும் இதே திறன் பயன்படுகின்றது.

முந்தைய முறைகள்

ஆழ்கற்றலுக்கு முன்னர் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஒவ்வொரு பண்பேற்றத்துக்கும் பெறப்பட்ட அலை தோன்றுவதற்கான நிகழ்தகவைக் கணித்து, மிகப் பெரியதைத் தேர்வது. கோட்பாட்டின்படி இது மிகச் சிறந்தது. எனினும் அலைவழியின் தன்மை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும், கணக்கீடும் மிகுதி. இரண்டாவது, பொறியாளர் தம் அறிவைக் கொண்டு சில பண்புகளைத் தேர்ந்து அளப்பது. எல்சயத் அசூசும் அசோக் நந்தியும் 1996இல் வெளியிட்ட நூல் இவ்வழிக்கு ஒரு முன்னோடி. அனந்தராம் சுவாமி, பிரையன் சாட்லர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கியூமுலன்ட் எனப்படும் உயர்படிப் புள்ளியியல் அளவுகளைக் கொண்டு படிப்படியாக வகை பிரிக்கும் முறையை விளக்கியது.

இந்த எண்கள் நினைவில் கொள்ளத் தக்கவை. இரைச்சல் இல்லாத நிலையில், குறிகையின் திறனால் வகுக்கப்பட்ட நான்காம் படிக் கியூமுலன்டுகளுள் ஒன்று பிபிஎஸ்கே முறைக்கு -2 ஆகவும், கியூபிஎஸ்கே முறைக்கு -1 ஆகவும் இருக்கும். எனவே இவ்விரண்டையும் பிரிப்பது எளிது. ஆனால் 16-குவாம் முறைக்கு அது -0.68, 64-குவாம் முறைக்கு -0.619. வேறுபாடு ஏறத்தாழ 0.06 மட்டுமே. இச்சிறு இடைவெளி பின்னர் ஆழ்கற்றல் முறைகளையும் விடாமல் தொடர்ந்தது.

ரேடியோஎம்எல் தரவுத்தொகுதி

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி ஓஷே, சார்ல்ஸ் கிளான்சி ஆகியோர் ஜொனாதன் கோர்கனுடன் இணைந்து, படங்களை இனங்காணப் பயன்படும் கன்வலூஷன் வகை நரம்பணுப் பிணையத்தை வானொலிக் குறிகைகளுக்குப் பயன்படுத்தினர். பண்புகளைப் பொறியாளர் தேர்ந்து தராமல், அளந்த எண்களை அப்படியே பிணையத்துக்குக் கொடுத்ததே இதன் புதுமை. இரைச்சல் மிகுந்த நிலையில் இது கியூமுலன்ட் முறைகளைவிடச் சிறப்பாகச் செயற்பட்டதாக அவர்கள் காட்டினர்.

அதனுடன் வெளியான தரவுத்தொகுதியே அறிமுறையின் பெயரைவிடப் புகழ்பெற்றது. அதன் 2016.10ஏ பதிப்பில் 11 பண்பேற்ற வகைகள் உள்ளன. அவற்றுள் 8 எண்முறை, 3 ஒப்புமை முறை. குறிகை-இரைச்சல் விகிதம் -20 டெசிபெல் முதல் +18 டெசிபெல் வரை 2 டெசிபெல் இடைவெளியில் 20 படிகளாக மாறுகின்றது. 0 டெசிபெல் என்றால் குறிகையும் இரைச்சலும் சம திறன் கொண்டவை. -20 டெசிபெல் என்றால் இரைச்சல் குறிகையைப் போல் 100 மடங்கு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் 1,000 என மொத்தம் 2,20,000 எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றும் 128 அளவீடுகளே நீளமுடையது. இவை அனைத்தும் 2001இல் எரிக் பிளாசம் தொடங்கிய குனூ ரேடியோ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு கணினியிலேயே உருவாக்கப்பட்டவை. மாணவர் ஒருவர் தம் மேசைக் கணினியில் ஒரே நாளில் முழு ஆய்வையும் செய்து பார்க்க முடிந்தமையே இத்தொகுதி பரவியதற்குக் காரணம் எனலாம்.

2018இல் ஓஷே, தமோக்னா ராய், கிளான்சி ஆகியோர் வெளியிட்ட அடுத்த தொகுதி மிகப் பெரியது. 24 வகைகள், -20 முதல் +30 டெசிபெல் வரை 26 படிகள், ஒவ்வொன்றிலும் 4,096 எடுத்துக்காட்டுகள், ஒவ்வொன்றும் 1,024 அளவீடுகள். மொத்தம் 25,55,904 எடுத்துக்காட்டுகள். இவ்வாய்வில் கணினியில் உருவாக்கிய குறிகைகளுடன், உண்மையான கருவிகளால் ஓர் அறைக்குள் வானலையில் அனுப்பிப் பெற்ற குறிகைகளும் பயன்பட்டன. கணினிக் குறிகைகளில் மட்டும் பயின்ற பிணையம் உண்மைக் குறிகைகளைச் சந்தித்தபோது துல்லியம் குறைந்தது. உண்மைக் குறிகைகளைக் கொண்டு மேற்பயிற்சி அளித்தபின் பெரும்பகுதி மீண்டது.

தரவுப் பற்றாக்குறை

மேற்கண்ட முடிவில்தான் ஆக்கவகை முறைகளுக்கான தேவை பிறக்கின்றது. ஓர் ஆழ்கற்றல் பிணையத்துக்கு இலட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகள் தேவை. கணினியில் வேண்டிய மட்டும் உருவாக்கலாம். ஆனால் அவை உண்மையினின்று விலகியவை. உண்மை அலைக்குப் பல குறைகள் உண்டு. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே அதிர்வெண்ணில் துல்லியமாக இயங்குவதில்லை. சுவர்களிலும் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. இது பல்வழிப் பரவல் எனப்படும். பெருக்கிகள் உச்ச வீச்சில் அலையை நசுக்குகின்றன. மலிவான பெறும் கருவிகளில் அளவீட்டின் நுண்மையும் குறைவு. எடுத்துக்காட்டாக, தொலைக்காட்சி பார்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்டு 2012 முதல் ஆர்வலர்களால் பொதுப் பெறுகருவியாகப் பயன்படுத்தப்படும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் கருவி, ஓர் அளவீட்டை 8 பிட்டுகளிலேயே தருகின்றது.

உண்மை அலைகளைப் பதிவுசெய்வது எளிது. அவை ஒவ்வொன்றும் எவ்வகை என்று சரியாகப் பெயரிடுவதே கடினம். அதிலும் இனங்காண மிகவும் விரும்பப்படும் அலைகள் பெரும்பாலும் அரிதாகக் கிடைப்பவை. ஆகவே சிறிதளவு உண்மைத் தரவிலிருந்து, அதன் குறைகளையும் உள்ளடக்கிய பெருமளவு தரவைப் பெற முடியுமா என்னும் கேள்வி எழுந்தது.

ஆக்கவகைப் பிணையங்கள்

இதற்குப் பயன்பட்ட முறைகளுள் முதன்மையானது, இயன் குட்ஃபெலோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் அறிமுகப்படுத்திய எதிரிடை ஆக்கப் பிணையம். ஆங்கிலச் சுருக்கப்படி இது கேன் எனப்படும். இதில் இரண்டு பிணையங்கள் உள்ளன. உருவாக்கி, தற்போக்கு எண்களை எடுத்துப் போலிக் குறிகையாக மாற்றுகின்றது. வேறுபடுத்தி, தனக்குத் தரப்பட்டது உண்மையா போலியா எனத் தீர்மானிக்கின்றது. வேறுபடுத்தியை ஏமாற்றும் வகையில் உருவாக்கியும், ஏமாறாத வகையில் வேறுபடுத்தியும் மாறி மாறித் திருத்தப்படுகின்றன. கள்ள நாணயம் அடிப்பவனும் நாணயச் சோதகனும் ஒருவரால் ஒருவர் தேர்ச்சி பெறுவதை இதற்கு ஒப்பிடலாம்.

வகைப்படுத்தலுக்குப் பெயரற்ற போலிகளால் பயனில்லை. இன்ன வகைக் குறிகை வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டும். 2014இல் மெஹ்தி மிர்சா, சைமன் ஓசிண்டெரோ ஆகியோர் முன்வைத்த நிபந்தனைக் கேன், அகஸ்டஸ் ஒடினா, கிறிஸ் ஓலா, ஜொனாதன் ஷ்லென்ஸ் ஆகியோரின் துணை வகைப்படுத்திக் கேன் ஆகியன இத்தேவையை நிறைவேற்றின. பின்னதில் வேறுபடுத்தி, உண்மையா போலியா என்பதோடு எந்த வகை என்பதையும் கூற வேண்டும்.

டீடெரிக் கிங்மா, மேக்ஸ் வெல்லிங் ஆகியோர் 2013இல் வெளியிட்ட மாறுபாட்டுத் தன்குறியாக்கி வேறொரு வழி. அது குறிகையைச் சில எண்களாகச் சுருக்கி, அவற்றிலிருந்து மீண்டும் குறிகையைக் கட்டுகின்றது. 2020இல் ஜொனாதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகியோரின் ஆய்வுக்குப்பின் விரவல் முறைகள் முன்னணிக்கு வந்தன. இவை தூய இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிக் குறிகையை அடைகின்றன. வானொலிப் பொறியாளருக்கு இரைச்சல் நீக்கம் அன்றாட வேலையாதலால், இம்முறை அவருக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

வானொலியில் பயன்பாடு

2018இல் பின் தாங் முதலானோர், அறிதிறன் வானொலிக்கான தங்கள் ஆய்வில், குறிகையின் விண்மீன்குழு வரைபடத்தைப் புள்ளிகளின் அடர்த்திக்கேற்ப வண்ணமிட்ட படமாக மாற்றி, துணை வகைப்படுத்திக் கேன் கொண்டு அத்தகைய படங்களைப் பெருக்கினர். துல்லிய உயர்வு சில நிலைகளில் புறக்கணிக்கத்தக்க அளவினதாகவும், சிலவற்றில் 6 விழுக்காடு வரையிலும் இருந்ததாக அவர்கள் தெரிவித்தனர். ஒரே முறை ஓரிடத்தில் உதவி மற்றோரிடத்தில் உதவாமற் போவது இத்துறையின் பொதுவான அனுபவம்.

அதே ஆண்டில் கெமால் தவஸ்லியோக்லு, யாலின் சாக்துயு ஆகியோர், ஓர் அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா காலியாக உள்ளதா என அறியும் பணிக்குக் கேனைப் பயன்படுத்தினர். சூழல் மாறும்போது பழைய இடத்தில் பயின்ற வகைப்படுத்தியைப் புதிய இடத்துக்கு ஏற்பத் தகவமைப்பதும் இதில் அடங்கும்.

குறிகையை முழுவதுமாக உருவாக்காமல், அலைவழியின் குறைகளை மட்டும் கற்கச் செய்வது மற்றொரு வழி. ஓஷே, ராய், நேதன் வெஸ்ட் ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு இதைச் சார்ந்தது. 16-குவாம் என்பது என்ன என்பதை மனிதர் வரையறுத்துள்ளனர். அதைப் பிணையம் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நமக்குச் சமன்பாடாகத் தெரியாதது அறையின் எதிரொலியும் கருவியின் கோணலுமே. ஆகவே தெரிந்த பகுதியைக் குனூ ரேடியோ போன்ற மென்பொருளிடமும், தெரியாத பகுதியைப் பிணையத்திடமும் விடுவது பொருத்தமான வேலைப் பங்கீடு. குறிகையின் வகைப்பெயர் தவறாவதற்கான வாய்ப்பும் இதில் குறைவு.

உருவாக்கிய குறிகைகளைச் சோதித்தல்

முகப் படத்தில் மூன்று கண்கள் இருந்தால் பார்த்தவுடன் தெரியும். 128 இரட்டை எண்களில் பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எனவே அளந்தே அறிய வேண்டும். உருவாக்கிய குறிகையின் அதிர்வெண் நிறமாலை உரிய அகலத்தில் உள்ளதா, கியூமுலன்ட் மதிப்புகள் உண்மைக் குறிகையின் மதிப்புகளோடு ஒத்துள்ளனவா, பண்பிறக்கம் செய்தால் புள்ளிகள் உரிய இடங்களில் விழுகின்றனவா என்பன அடிப்படைச் சோதனைகள்.

கேன் பிணையங்களுக்கே உரிய ஒரு நோய், உருவாக்கி ஒருசில எளிய விடைகளையே திரும்பத் திரும்பத் தருவது. 64-குவாம் குறிகைகளில் இது விண்மீன்குழுவின் சில புள்ளிகள் மட்டும் அடர்ந்து, மற்றவை வெறுமையாக இருப்பதாக வெளிப்படலாம். அத்தரவில் பயின்ற வகைப்படுத்தி, எண்ணிக்கையில் பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளைக் கண்டும் உண்மையில் சிலவற்றையே கண்டதாகும்.

தரவைப் பிரிக்கும் வரிசையும் முக்கியமானது. முழுத் தொகுதியையும் கொண்டு உருவாக்கியைப் பயிற்றுவித்துவிட்டு, பின்னர் அதிலிருந்தே ஒரு பகுதியைத் தேர்வுக்கென ஒதுக்கினால், தேர்வு வினாக்கள் உருவாக்கியின் வழியே கசிந்துவிடுகின்றன. கிடைக்கும் உயர்ந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. தேர்வுத் தரவை முதலிலேயே பிரித்து வைக்க வேண்டும். அது வேறொரு நாளில் வேறொரு கருவியால் பதிவுசெய்த உண்மை அலையாக இருந்தால் மேலும் நன்று.

பயன் தராத இடங்கள்

ஒரு வகைப்படுத்தி தவறுவதற்கு இரு வேறு காரணங்கள் இருக்கலாம். போதிய எடுத்துக்காட்டுகளைப் பார்க்காதது ஒன்று. தரப்பட்ட குறிகையிலேயே விடை இல்லாதது மற்றொன்று. ஆக்கவகை முறை முதற்காரணத்துக்கு மட்டுமே மருந்தாகும். வெளியாகும் ஆய்வுகளில் இவ்வேறுபாடு போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

2016ஆம் ஆண்டுத் தொகுதியில் 16-குவாம், 64-குவாம் ஆகியவை ஒன்றோடொன்று குழம்புவது நன்கு அறியப்பட்டது. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். அதில் 128 அளவீடுகளுக்குள் 8 முதல் 16 வரையான குறியீடுகளே அடங்குகின்றன. 16 எனவே வைத்துக்கொள்வோம். 64 புள்ளிகளிலிருந்து தற்போக்காக 16 முறை எடுத்தால், சராசரியாக 14 வெவ்வேறு புள்ளிகளே தென்படும். எஞ்சிய 50 புள்ளிகள் அந்த எடுத்துக்காட்டில் தோன்றவே இல்லை. 16-குவாம் முறையில் இதேபோல் எடுத்தால் சராசரியாக 10 வெவ்வேறு புள்ளிகள் தென்படும். 16-குவாம் முறையில் வீச்சு மூன்று மதிப்புகளை மட்டுமே எடுக்கும், 64-குவாம் முறையில் ஒன்பது மதிப்புகளை எடுக்கும் என்பது உதவக்கூடும். ஆனால் இரைச்சலும் பல்வழிப் பரவலும் சேர்ந்ததும் அந்நிலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முன்னர்க் கண்ட 0.06 என்னும் கியூமுலன்ட் வேறுபாட்டை இங்கு நினைவுகூரலாம்: 16 குறியீடுகளிலிருந்து கணிக்கும் மதிப்பு, இரைச்சலே இல்லாவிடினும், அதைவிடப் பெரிதாக ஊசலாடும்.

இந்நிலையில் இன்னும் ஓர் இலட்சம் 64-குவாம் குறிகைகளை உருவாக்கிச் சேர்த்தாலும் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை. தேவைப்படுவது நீண்ட நேரம் கேட்பது. 8 அளவீட்டுக்கு ஒரு குறியீடு என்னும் அதே கணக்கில் 1,024 அளவீடுகளில் 128 குறியீடுகள் அடங்கும். அப்போது 64 புள்ளிகளுள் சராசரியாக 55 தென்படும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மேலும் தெளிவானது. அதே தொகுதியில் எஃப்எம் குறிகைகள் பல ஏஎம் எனத் தவறாக வகைப்படுத்தப்படுகின்றன. ஒப்புமைக் குறிகைகளுக்கு மூலமாகப் பயன்பட்டது ஒலிப்பதிவு. பேச்சில் சொற்களுக்கிடையே அமைதி உண்டு. அமைதியின்போது பண்பேற்றம் ஏதும் இல்லை. வெறும் ஊர்தி அலையே உள்ளது. அந்தக் கணத்தில் வெட்டியெடுத்த துண்டுக்கு எஃப்எம் என்று பெயரிட்டாலும் ஏஎம் என்று பெயரிட்டாலும் குறிகை ஏறத்தாழ ஒன்றே. இத்தரவில் பயிலும் உருவாக்கி, வெறும் ஊர்தி அலைகளையும் எஃப்எம் என்னும் பெயரிலேயே உண்மையுடன் உருவாக்கித் தரும். பிழையான பெயர்கள் பெருகுமே அன்றிக் குறையா. இங்கே செய்ய வேண்டியது, அமைதித் துண்டுகளை நீக்குவதே.

எளிய மாற்று வழிகள்

ஆக்கவகைப் பிணையத்தைப் பயிற்றுவிக்கும் முன், கணிதச் சமச்சீரைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. பெறும் கருவிக்கு ஊர்தி அலையின் தொடக்கக் கட்டம் தெரியாது. ஆகவே விண்மீன்குழு முழுவதையும் 90, 180, 270 பாகைகள் சுழற்றினாலும் பண்பேற்ற வகை மாறாது. ஒரு குறிகையிலிருந்து மேலும் மூன்று குறிகைகள் எச்செலவும் இன்றிக் கிடைக்கின்றன. அவற்றின் வகைப்பெயரும் ஐயத்துக்கு இடமின்றிச் சரியானது. லியாங் ஹுவாங் முதலானோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, சுழற்றுதல், கவிழ்த்தல், இரைச்சல் சேர்த்தல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுச் சுழற்றுதல் சிறப்பாகப் பயன்படுவதைக் காட்டியது.

கவிழ்த்தலில் ஓர் எச்சரிக்கை தேவை. இரு கூறுகளுள் ஒன்றின் குறியை மட்டும் மாற்றினால் அதிர்வெண் நிறமாலை இடவலம் திரும்பிவிடும். அமெச்சூர் வானொலியில் வழங்கும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், மேற்பட்டைக் குறிகை இதனால் கீழ்ப்பட்டைக் குறிகையாகும். இவ்விரண்டையும் தனித்தனி வகைகளாகக் கொண்ட வகைப்படுத்திக்கு இத்தரவு தவறான பாடமாகும்.

ஆக்கவகை முறை ஒன்றின் பயனை மதிப்பிடும்போது, பெருக்கம் ஏதும் இல்லாத தரவோடு ஒப்பிடுவது போதாது. சுழற்றிப் பெருக்கிய தரவோடும் ஒப்பிட வேண்டும். அவ்வொப்பீடு இல்லாத கட்டுரைகளில் கூறப்படும் உயர்வை மாணவர்கள் அப்படியே ஏற்காதிருப்பது நன்று.

பாதுகாப்புச் சிக்கல்கள்

மெய்சம் சாதேகி, எரிக் லார்சன் ஆகியோர் 2019இல் வெளியான ஆய்வில், ரேடியோஎம்எல் தொகுதியில் பயின்ற வகைப்படுத்தியை, மிகச் சிறிய திறனுடைய திட்டமிட்ட குறுக்கீட்டைச் சேர்த்து ஏமாற்ற முடியும் எனக் காட்டினர். அதே குலைவை உண்டாக்க வழக்கமான இரைச்சல் வழி நெருக்கலுக்கு மிகுந்த திறன் தேவைப்படும்.

உருவாக்கியும் இருபுறமும் கூரான கருவியே. யி ஷி, தவஸ்லியோக்லு, சாக்துயு ஆகியோர் 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எதிராளியின் அனுப்பு கருவியில் கேன் உருவாக்கியையும், பெறும் கருவியில் வேறுபடுத்தியையும் அமைத்து, அனுமதி பெற்ற பயனரின் குறிகையைப் போலச் செய்தனர். பதிவுசெய்த குறிகையைத் திரும்ப ஒலிபரப்புவதைவிட இது பாதுகாப்பு வகைப்படுத்தியை மிகுதியாக ஏமாற்றியது. திரும்ப ஒலிபரப்பும்போது எதிராளியின் கருவிக்கும் இடத்துக்கும் உரிய குறைகள் குறிகையில் கூடுதலாகப் படிகின்றன. உருவாக்கியோ அக்குறைகளையும் கணக்கில் கொண்டு, பெறுமிடத்தில் சேரும்போது குறிகை எப்படி இருக்க வேண்டும் என்பதையே கற்கின்றது.